அக்காவின் நோட்டுப் புத்தகம்

தூதராலயத்து மனிதர்களைப் பற்றி நான் ஒரு கதை எழுதியிருந்தேன். அதில் ஸ்தானிகரின் மனைவி ஒருத்தி வருவாள். வாசனைத் தைலமும் உதட்டுச் சாயமுமாக ஒரு விருந்திலிருந்து இன்னொரு விருந்துக்குப் போய்க்கொண்டேயிருப்பாள். வேறு வேலை அவளுக்குக் கிடையாது. படித்தவர்கள் சிரித்தார்கள், எனக்கும் பரம திருப்தி. உண்மையில் அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்தவள் ஒரே ஒருத்திதான்: என் பெரியம்மாவின் மகள்.

அக்கா ஒரு கல்லூரியில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தவள். அத்தான் வெளிநாட்டு இலாகாவில் தேறியவர். கல்யாணத்துக்கு மறு வருஷம் வேலையை விட்டாள். பிறகு ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு ஒரு தேசம். பெரிய வீடுதான், ஆனால் நாற்காலி முதல் கரண்டி வரை சர்க்கார் சொத்து. மாற்றல் வந்தால் ஜாபிதாவை வைத்துக்கொண்டு எண்ணி ஒப்படைக்க வேண்டும். தன்னுடையது என்று அவள் சுமந்து திரிந்தது ஓர் அரிவாள்மணை, ஒரு கல்சட்டி, இரண்டு குழந்தைகள். "உனக்கு எந்த ஊரடா?" என்று சின்னவனை நான் ஒரு முறை கேட்டேன். "இப்பவா, மாமா?" என்றான்.

2012-ல் அவர்கள் வியன்னாவில் இருந்தபோது பத்து நாள் போய்த் தங்கினேன். ராஜதந்திரிகளின் சலுகைகளை வகுத்த உடன்படிக்கை 1961-ல் அந்த ஊரில்தான் கையெழுத்தாயிற்று. மொத்தம் 53 ஷரத்துகள். அதிகாரியின் குடும்பத்தைச் சேர்ந்தவர்களுக்கும் அவருக்குள்ள பாதுகாப்பு உண்டு என்பது 37-வது ஷரத்து. டிராமில் போகும்போது அக்காதான் இதைச் சொன்னாள். "என்னை யாரும் கைது செய்ய முடியாதடா. என் உத்தியோகம் அவ்வளவுதான்" என்று சிரித்தாள்.

சிரித்தாளே தவிர, அன்று முழுவதும் முத்தம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். குடகில் பிறந்து, சென்னையில் படித்து, 1949-ல் நம் வெளிநாட்டு சர்வீஸில் சேர்ந்த முதல் பெண், சி. பி. முத்தம்மா. கல்யாணம் செய்துகொண்டால் ராஜிநாமா செய்வதாக அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்களாம். பெண் அதிகாரி மணம் புரிய எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு இடையூறு என்று சர்க்கார் கருதினால் அவள் விலக நேரிடும் என்று பின்னால் விதியே இருந்தது. 1979-ல் அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஆண் அதிகாரிக்கு மட்டும் குடும்பம் இல்லையா என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் கேட்ட பிறகுதான் அதற்கு முடிவு வந்தது.

"பார்த்தாயா? குடும்பம் நடத்துவது முழு நேர வேலை என்று சர்க்காருக்குத் தெரிந்தேயிருந்தது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை" என்றாள் அக்கா.

அன்றிரவு அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். தேதி வாரியாக விருந்துகள். யார் வந்தார்கள், யார் பக்கத்தில் யார், யாருக்குப் பன்றி மாமிசம் ஆகாது, யாருக்கு வெங்காயம் ஆகாது, போன தடவை என்ன பரிமாறினோம். கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள்கூட இவ்வளவு சிரத்தையாகக் கணக்கு வைத்து நான் பார்த்ததில்லை. புரட்டிக்கொண்டே போனேன். 2005-ல் ஒரு பக்கம்: பதினெட்டு பேர், தக்காளி சூப், புலவு. கீழே தமிழில், 'காலை 4 மணி. அம்மா.' வேறொன்றும் இல்லை.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. கும்பகோணத்தில் பெரியம்மாவைக் கிடத்திவிட்டுச் சாயங்காலம் வரை காத்திருந்தோம். அக்கா வரவில்லை. "ஏதாவது விருந்தாயிருக்கும்" என்று நான்தான் முற்றத்தில் நின்றுகொண்டு நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். என் கதை பிறந்ததும் அந்த வாக்கியத்திலிருந்துதான்.

"விமானம் மறுநாள் ராத்திரிதான் இருந்தது" என்றாள் அவள், நான் கேட்காமலே. "தில்லியிலிருந்து வந்த கூட்டம். உட்கார்ந்து அழலாமென்றால் வாசலில் கார் வந்து நிற்கிறது. பாயசம்கூடப் பரிமாறினேன்."

நான் பேசவில்லை. என்ன பேசுவது?

"உன் கதையைப் படித்தேன்" என்றாள் சிறிது நேரம் கழித்து. "விருந்தில் ஸ்தானிகரின் வலப் பக்கத்தில் அவர் பெண்டாட்டியையே உட்கார வைத்திருக்கிறாய். அது தப்பு. வந்த பெண்மணிக்கு உரிய இடம் அது. வீட்டுக்காரி அவருக்கு எதிரே உட்காருவாள். அடுத்த பதிப்பில் திருத்திவிடு."

நான் திருத்தவில்லை. அடுத்த பதிப்பில் அந்தக் கதையையே எடுத்துவிட்டேன். அதற்கும் அக்கா கோபித்துக்கொண்டாள்.