நெகிழ்வட்டில் அகப்பட்ட பெயர்கள்

எம்மூர் வாசிகசாலையின் பழைய பதிவேடு 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இடப்பெயர்விலே அழிந்துபோயிற்று. ஊர் மீண்டபின், காணி ஈந்தோர், கல் சுமந்தோர், நூல் அளித்தோர் பெயர்களை முதியோர் நினைவிலிருந்து சொல்ல, 2003ஆம் ஆண்டில் இளைஞர் ஒருவர் அவற்றைக் கணினியிற் பதித்தார். சொன்னோருள் இன்று ஒருவரும் இலர். எஞ்சியது 1.44 மெகாபைற்றுக் கொள்ளும் மூன்றரை அங்குல நெகிழ்வட்டு ஒன்றே. அதனை வாசித்துத் தருமாறு வாசிகசாலையார் எம்மை வேண்டினர்.

அவ்வட்டை ஏற்கும் வாய் இக்காலக் கணினிகளுக்கு இல்லை. ஆதலின், எவரோ கழித்துவிட்ட பெட்டியொன்றினின்றும் வாசிப்பானைக் கழற்றி, அதன் தலையைத் தூய மதுசாரம் தோய்த்த பஞ்சினால் துடைத்தோம். (மதுசாரம் முழுவதும் அதற்கே செலவாயிற்று என்பதை நண்பர்கள் நம்புவார்களாக.) வட்டு சுழன்றது, கோப்பும் திறந்தது. ஆயின் திரையிற் கண்டது ஆங்கில எழுத்துக் குவியலே. 'தமிழ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ, ஈற்றில் ஓர் அரைப்புள்ளி!

இதன் காரணம் பாமினி என்னும் எழுத்துரு. கணினி அறிவது எண்களையே. 106 என்னும் எண் ஆங்கில 'ஜே'க்கு உரியது; பாமினியோ அவ்வெண்ணுக்குத் தகரத்தின் உருவத்தைப் போர்த்தியது. போர்வை நீங்கின் மீண்டும் 'ஜே'யே. 1991இல் வெளிவந்த ஒருங்குறியில் தகரத்துக்கு 2980 என்னும் தனியெண் உண்டு. அங்கே இக்குழப்பத்துக்கு இடமில்லை.

எண்ணுக்கு எண் மாற்றினாற் போதாது. பாமினி தட்டெழுத்துப்பொறியின் வழியில் வந்தது. அப்பொறிக்குத் தமிழ் விசைப்பலகை அமைத்த ஆர். முத்தையா அவர்கள் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்தவர் என்பதை மாணவர் அறிதல் நன்று. புள்ளி முதலியவற்றுக்கு, அழுத்தினும் இடம்பெயராத நகரா விசையை அவர் வகுத்தார். பொறியில் 'கொ' எழுத முதலிற் கொம்பு, பின்னர் ககரம், அதன்பின் கால். ஒருங்குறியிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக ஒலிமுறையே வைக்கப்படும். கொம்பை இடப்பக்கம் வரைவது முறைமை மென்பொருளின் பணி. இவ்வரிசையை மாற்றச் சிறு நிரல் ஒன்றை எழுதினோம். 'வெள்ளம்' என்பதைச் சில மாற்றிகள் ஔகாரமெனக் கொண்டு கெடுத்துவிடும். ளகரத்தின்பின் புள்ளி வரின் அது மெய்யே என ஒரு விதி சேர்த்ததும் அது சீராயிற்று.

பெயர்களின் முதலெழுத்துக்கள்தாம் எம்மை மலைக்கவைத்தன. சிலரின் முதலெழுத்தை அவ்விளைஞர் ஆங்கிலத்தில் இட்டிருக்கிறார். கோப்போ எழுத்துரு விபரமின்றிச் சேமிக்கப்பட்டது. ஆங்கிலப் பெரிய 'எஸ்' பாமினியில் 'ளு' ஆகும். 'ளு' என்று தொடங்கும் தமிழ்ப்பெயர் இன்மையின் அங்கே ஐயமில்லை. பெரிய 'கே'யோ 'மு' ஆகும். காணி ஈந்தோர் பட்டியலில் ஒரு கந்தையாவின் முன் நிற்பது அவ்வெழுத்தே. 'மு. கந்தையா'வும் எம்மூரில் வாழ்ந்தார். தம் பெயர்முன் ஆங்கில 'கே' இடும் கந்தையாவும் வாழ்ந்தார். இரு வீட்டாரும் இன்று அயலவர்.

இதனை எந்த நிரலும் தீர்க்காது. உறுதிப்பத்திரத்தின் படி கிடைக்குமோ என்று இரு வீட்டாரையும் கேட்டுள்ளோம். அதுவரை அவ்வரியை வெற்றிடமாகவே விட்டு, ஏனைய பெயர்களை அச்சிட்டு வாசிகசாலைச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.