கிங் ராஞ்சும் எங்க கொறங்காடும்

ஆபீஸ் பார்க்கிங்ல ஒரு ஃபோர்டு பிக்கப் டிரக் நிக்கும். அதுல 'கிங் ராஞ்ச்'னு எழுதி, பாம்பு நெளியற மாதிரி ஒரு 'டபிள்யூ' போட்டிருக்கும். ரொம்ப நாளா அது ஏதோ தோல் சீட் கம்பெனி பேருன்னே நினைச்சிட்டிருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அது நிஜமாவே ஒரு மாட்டுப்பண்ணை, டெக்சஸ் தெற்குக் கோடியில கிங்ஸ்வில்லுங்கற ஊர்ல இருக்குன்னு. ஹூஸ்டன்லேர்ந்து நாலு மணி நேரம்.

"மாட்டைப் பாக்க நாலு மணி நேரமா?"ன்னு ரூம்மேட் சிரிச்சான். காங்கேயம் பக்கத்துல பொறந்தவன் கஷ்டம் சென்னைக்காரனுக்கு எங்க புரியும்! தனியாத்தான் போனேன்.

போனா மிரண்டுட்டேன். 8,25,000 ஏக்கர்! ரோட் ஐலண்ட் மாநிலத்தோட நிலப்பரப்பை விடப் பெரிசு. ரிச்சர்ட் கிங்குங்கற படகு கேப்டன் 1853-ல் 15,500 ஏக்கரை வெறும் 300 டாலருக்கு வாங்கி ஆரம்பிச்சிருக்கார். 1885-ல் அவர் செத்தப்போ ஏகப்பட்ட நிலம், கூடவே அஞ்சு லட்சம் டாலர் கடன். மனைவி ஹென்ரியட்டா, மருமகன் ராபர்ட் க்ளேபர்க்கை வச்சுக்கிட்டு சமாளிச்சிருக்காங்க, அதுவும் 1925-ல் சாகற வரைக்கும், நாப்பது வருஷம். அப்புறம் 1933-ல் எண்ணெய்க் கம்பெனிக்கு விட்ட குத்தகையும் கை கொடுத்திருக்கு. இன்னிக்கும் பண்ணை அந்த வம்சத்துக் கையிலதான்.

குதிரைக் கதை தனி. 1915-ல் பொறந்த 'ஓல்டு சாரல்'ங்கற ஒரே குதிரையை வச்சு ஒரு பரம்பரையே உண்டாக்கியிருக்காங்க. அதோட பேரன் 'விம்பி'தான் அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் சங்கப் பதிவேட்டுல நம்பர் 1. 'அசால்ட்'னு ஒரு பந்தயக் குதிரை, குட்டியா இருக்கும்போது முளைக்குச்சியை மிதிச்சு குளம்பு கோணிப்போச்சு. ஆனா 1946-ல் ட்ரிப்பிள் கிரவுன் ஜெயிச்சுது!

மாட்டுக் கதையில நமக்கும் பங்கு இருக்கு. சீமை மாடு டெக்சஸ் வெயிலுக்குத் தாங்கலைன்னு, ஷார்ட்ஹார்னையும் திமில் வச்ச பிராமன் மாட்டையும் கலந்து 'சாண்டா கெர்ட்ரூடிஸ்'னு ஒரு செவலை இனத்தை உருவாக்கியிருக்காங்க. 1940-ல் அரசாங்கமே தனி இனம்னு ஒத்துக்கிச்சு. அந்த பிராமன் யாரு? நம்ம கிர், ஓங்கோல் வகையறாவோட வாரிசு! வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன செவலையோட லேசான திமிலைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்துச்சு.

ஆனா என்னை உலுக்கினது வேற. 1854 வறட்சியில, மெக்சிகோவில குரூயாஸ்ங்கற ஊர்ல இருந்த மாடுகளை கிங் மொத்தமா வாங்கிட்டார். மாடு போயிட்டா அந்த சனம் எதை வச்சுப் பிழைக்கும்? அதனால அவங்களையும் கூப்பிட, குடும்பம் குடும்பமா அவர்கூடக் கிளம்பி வந்துட்டாங்க. 'கினேன்யோஸ்'னு பேரு, அதாவது கிங்கோட ஆளுங்க. தலைமுறை தலைமுறையா குதிரை பழக்கினது, மாடு மடக்கினது எல்லாம் அவங்கதான். மியூசியத்துல டோனி ஃப்ரிசெல் எடுத்த 1940-கள் போட்டோக்கள் இருக்கு. குதிரை மேல அந்த முகங்கள். முதலாளி வம்சம் மாதிரியே இவங்களுக்கும் அப்பன், பாட்டன், பூட்டன்னு வம்சம் இருக்கு. நிலம்தான் இவங்க பேர்ல இல்லை.

அந்தப் போட்டோ முன்னாடி நிக்கறப்போ எங்க கொறங்காடு ஞாபகம் வந்துச்சு. கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், நாப்பது உருப்படி. தாத்தாவுக்கு மாடுன்னா உசிரு. ஆனா எந்தக் கிடேரி எந்தப் பசுவோட பேத்தின்னு கேட்டா தாத்தாவே திரும்பிப் பார்ப்பார், மாடு மேய்க்கறவரை. செவலையாப் பொறந்த கன்னு மாசம் போகப்போக எந்த நிறத்துக்குத் திரும்பும்னு அவர் சொன்னா தப்பாது. தாத்தா வயசுக்காரர். பத்து வயசுல நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். வா, போன்னுதான் பேசினேன். அவர் என்னை "சாமி"ன்னார். யாரும் என்னைத் திருத்தலை. எனக்கும் உறைக்கலை.

2010-ல் தாத்தா போனார். அடுத்த சித்திரையில கண்ணபுரம் சந்தையில மாடுகள் போச்சு. அவர் எங்க போனார்னு நான் கேக்கவேயில்லை.

போன வருஷம் நான்தான் அப்பாகிட்ட, "மறுபடியும் காங்கேயம் மாடு வளர்க்கலாமுங்ப்பா"ன்னு பெரிசாப் பேசினேன். எக்செல் ஷீட்டெல்லாம் போட்டேன். நிலம், தொழுவம், தீவனம், காளை... வரி வரியா. மாட்டைத் தெரிஞ்ச மனுசனுக்கு அதுல ஒரு வரி கூட இல்லை.

திரும்பி வர்ற வழியில பெட்ரோல் பங்க்ல நிறுத்தி அப்பாவுக்கு போன் போட்டேன். பேர் சொல்லி, "இப்ப அவரு எங்கீங்ப்பா இருக்காரு?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் 'அவரு'ன்னு சொன்னதை கவனிச்சிருப்பார் போல.

"திருப்பூர்ல மவன் ஊட்டுல இருக்கறானாட்டம் தெரியுது. எதுக்கு கண்ணு?"

மாடு வாங்கறது அப்புறம். பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். முதல்ல திருப்பூர். என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னுதான் இன்னும் தெரியலை. "தாத்தா"ன்னு கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாரா?