ஜே கே பி ஓ செமிகோலன்

ஆபீஸ்ல யாருக்காவது புது போன் வாங்கணும்னா என்கிட்டதான் அனுப்பி வைப்பாங்க. சம்பளம் இல்லாத கௌரவப் பதவி. கேமரா எத்தனை மெகாபிக்சல், ராம் எவ்வளவு, அரை மணி நேரத்துல எத்தனை பர்சென்ட் சார்ஜ் ஏறும், எல்லாத்துக்கும் பதில் சொல்லுவேன். கடைசியா நான் ஒரு கேள்வி கேப்பேன். "இதுல நீங்க எழுதுறது, எடுக்குறது எல்லாத்தையும் 20 வருஷம் கழிச்சு உங்க புள்ளை திறந்து பார்க்க முடியுமா?"

"போன் கேட்டா உயில் எழுதச் சொல்றியேப்பா"ன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. ஆனா எனக்கு இப்பல்லாம் கேட்ஜெட்னா முதல்ல தோணுறது இந்தக் கேள்விதான். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

எங்க பெரியப்பா தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்து ரிட்டயர் ஆனவர். தமிழ் டைப்ரைட்டிங்ல ஹையர் பாஸ். 2003ல ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கினார். அருப்புக்கோட்டை பக்கம் எங்க தெருவுலயே அதுதான் முதல் கம்ப்யூட்டர். நாங்க பசங்க எல்லாம் அதுல கேம் ஆட அலைவோம். அவர் விடமாட்டார். காலையில குளிச்சுட்டு வந்து உட்கார்ந்தா டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டே இருப்பார்.

என்ன தட்டினார்னு எனக்கு அப்பத் தெரியாது. எங்க பாட்டி ஒப்பாரி பாடுறதுல பேர் போனவங்க. சுத்துப்பட்டுல சாவு விழுந்தா ஆள் வந்து கூட்டிட்டுப் போவாங்களாம். தாலாட்டும் பாடுவாங்க. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரியப்பா பாட்டியைத் திண்ணையில உட்கார வச்சுப் பாடச் சொல்லி, நோட்டுல குறிச்சுக்கிட்டு, அப்புறம் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கார். 2005ல பாட்டி போயிட்டாங்க. 2012ல பெரியப்பாவும் போயிட்டார். நோட்டைக் கரையான் தின்னுடுச்சு. கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போயிடுச்சு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சிடி. அதுக்கு மேல பெரியப்பா கையெழுத்துல ஒரு ஸ்டிக்கர்: "அம்மா பாட்டு".

போன வருஷம் பெரியம்மா அந்த சிடியை என் கையில குடுத்து, "நீ கம்ப்யூட்டர் படிச்ச புள்ளதானய்யா, இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு"ன்னாங்க. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுக்கு அதுவரைக்கும் இவ்வளவு பெரிய பரீட்சை யாரும் வச்சதில்லை.

முதல் சிக்கல், சிடி போடுறதுக்கு லேப்டாப்ல ஓட்டையே இல்லை. ரிச்சி தெருவுல அலைஞ்சு யுஎஸ்பி சிடி டிரைவ் ஒண்ணு வாங்கினேன். நம்ம ஆளுங்க சிடியோட பளபளப்பான பக்கத்துலதான் கீறல் விழக்கூடாதுன்னு பொத்திப் பொத்தி வைப்பாங்க. நிஜத்துல மேல் பக்கம்தான் ஆபத்து. அங்க ஒரு மெல்லிய லாக்கர் பூச்சுக்குக் கீழயே பிரதிபலிக்கிற படலம் இருக்கு. எழுதுற பக்கத்துல கீறல் விழுந்தா சமாளிக்கலாம், மேல உரிஞ்சா டேட்டாவும் சேர்ந்து உரிஞ்சுடும். ஸ்டிக்கர் ஒட்டின சிடிக்கு இது இன்னும் மோசம். டிடிரெஸ்க்யூன்னு லினக்ஸ்ல ஒரு புரோகிராம் இருக்கு. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், படிக்க முடிஞ்சதை எல்லாம் முதல்ல எடுத்துட்டு, அப்புறம் திரும்ப வந்து முட்டி மோதும். ராத்திரி முழுக்க ஓட விட்டேன். 3 ஃபைல்ல 2 வந்துச்சு. ஒண்ணு வரவே இல்லை.

வந்த ஃபைலை ஆசையாத் திறந்தா, ஏபிசிடியைக் கலைச்சுப் போட்ட மாதிரி 43 பக்கம். ஒரு தமிழ் எழுத்து கிடையாது.

இங்கதான் கொஞ்சம் வரலாறு. அந்தக் காலத்து தமிழ் ஃபான்ட் எல்லாம் ஒரு வேஷம்தான். "த"ன்னு ஒரு எழுத்து இருக்குன்னே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆங்கில ஜே இருக்கிற இடத்துல ஜே படத்துக்குப் பதிலா த படத்தை வரைஞ்சு வச்சிருப்பாங்க. நம்ம கண்ணுக்கு அது த. உள்ளே சேமிக்கப்படுறது ஜே. பாமினி ஃபான்ட் தெரிஞ்சவங்களுக்கு நல்லாப் புரியும்: ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு அஞ்சு தட்டு தட்டினா "தமிழ்"னு வரும். அது பழைய தமிழ் டைப்ரைட்டர் விசைகளை ஒட்டி வச்சது. அதனாலதான் பெரியப்பா மாதிரி ஆளுங்களுக்கு முதல் நாளே கை ஓடியிருக்கு. ஃபான்ட் இருக்கிற வரைக்கும் வேஷம் கலையாது. ஃபான்ட் போச்சுன்னா வெறும் ஜே கே பி ஓ செமிகோலன்தான்.

இதுல ஆளாளுக்கு ஒரு வேஷம் வேற. ஒரு கம்பெனி ஃபான்ட்ல அடிச்சது இன்னொரு கம்பெனி ஃபான்ட்ல தெரியாது. இதை ஒழுங்கு பண்ணத்தான் உலகத் தமிழர்கள் மின்னஞ்சல்லயே பேசிப் பேசி டிஸ்கி குறியீட்டைக் கொண்டு வந்தாங்க. 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுல டாம், டாப் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்துச்சு. இத்தனைக்கும் 1991ல வந்த யூனிகோட் முதல் பதிப்புலயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனா விண்டோஸ்ல யூனிகோட் தமிழ் எட்டிப் பார்த்ததே விண்டோஸ் 2000லதான். அப்புறமும் ஊர்ப்பக்கம் வந்து சேர வருஷங்கள் ஆச்சு. பெரியப்பா தட்டிக்கிட்டு இருந்தது சரியா அந்த இடைப்பட்ட காலத்துல.

யூனிகோட்ல தமிழுக்கு 128 இடம்தான் குடுத்தாங்க, 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேணும்னு ஒரு கட்சி உண்டு. அவங்க வாதத்துல நியாயம் இல்லாம இல்லை. ஆனா என் கட்சி ரொம்ப சிம்பிள். குறை இருந்தாலும் உலகம் முழுக்க ஒரே அட்டவணை இருக்கு பாருங்க, அது போதும். அழகான பத்து அட்டவணையை விட சுமாரான ஒரு அட்டவணை மேல்.

நிற்க. 43 பக்கத்துக்கு வருவோம்.

பழைய ஃபான்ட்டை யூனிகோடா மாத்துறதுக்கு சுரதாவோட பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர்னு புண்ணியவான்கள் முன்னாடியே செஞ்சு வச்சிருக்காங்க. ஆனா பெரியப்பா ஃபான்ட் எந்தப் பட்டியல்லயும் இல்லை. விசைகள் முக்கால்வாசி டைப்ரைட்டர் மாதிரியே. கால்வாசி அவங்க இஷ்டத்துக்கு. வித்தவங்களைத் தேடினா அப்படி ஒரு கடையே இப்ப இல்லை. சரி, நாமே பண்ணுவோம்னு பைத்தான்ல உட்கார்ந்தேன்.

எந்தக் குறி அதிகமா வருதுன்னு எண்ணினேன். செமிகோலன் முதலிடம். அதான் புள்ளி. தமிழ்ல மெய்யெழுத்துக்குப் பஞ்சமா என்ன? ஒவ்வொரு பாட்டுக்கு மேலயும் பெரியப்பா ஆபீஸ் பழக்கத்துல பாட்டி பேரு, ஊர் பேரு, தேதி எல்லாம் அடிச்சிருந்தார். கவர்மென்ட் ஆளு இல்லையா! அது பெரிய உதவி. என்ன எழுதியிருக்கும்னு தெரிஞ்ச இடத்தை வச்சு தெரியாத எழுத்தைப் பிடிச்சுக்கிட்டே போனேன்.

அடுத்தது கொம்பு. டைப்ரைட்டர்ல "கொ" அடிக்கணும்னா முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணுக்குத் தெரியுற வரிசை. யூனிகோட்ல முதல்ல க, அதுக்குப் பின்னாடிதான் மத்தது, வாயில வர்ற வரிசை. அதனால ஒவ்வொரு கொம்பையும் தூக்கி எழுத்துக்குப் பின்னாடி வைக்கணும்.

இது கூட சுலபம். உயிரை வாங்கினது "ள". பழைய ஃபான்ட்ல "கௌ"வுக்கு வர்ற வால் குறியும் ள எழுத்தும் ஒண்ணே. ஆக "வெளி"ன்னு அடிச்சதை கன்வர்ட்டர் "வௌி"ன்னு மாத்தி வச்சுடும். செய்தித் தளங்கள்ல "வௌியிட்டார்"னு பார்த்திருப்பீங்களே, அந்த வியாதி இதுதான். எதுவும் எழுதுறவங்களோட எழுத்துப்பிழை கிடையாது. நான் ஒரு முடிவு எடுத்தேன். தமிழ்ல ஔகாரம் வர்ற வார்த்தை கம்மி. பௌர்ணமி, மௌனம், வௌவால், சௌக்கியம், கௌரின்னு ஒரு சின்னப் பட்டியல் போட்டு, அதுல இருந்தா மட்டும் ஔ, மத்ததெல்லாம் ள. பாட்டிக்கு வௌவால் நிறைய தேவைப்பட்டிருக்கு :-)

மூணு வாரம், ராத்திரி ராத்திரியா. பகல்ல ஆபீஸ் ஆணி. ஒரு சனிக்கிழமை விடியக்காலையில புரோகிராமை ஓடவிட்டா, ஸ்கிரீன் முழுக்க எங்க பாட்டி. எந்த ஊர்ல எந்தக் கிணத்துல தண்ணி எடுத்தாங்க, தாத்தா எந்த மாட்டை எவ்வளவுக்கு வாங்கினார், சின்ன வயசுல செத்துப்போன அத்தை பேரு என்ன, எல்லாம் அந்த ஒப்பாரிக்குள்ள இருக்கு. அப்படி ஒரு அத்தை இருந்தாங்கன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். எங்க அப்பாகிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "ஆமாடா, என்னை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டே அலையும்"னார்.

பெரிய எழுத்துல பிரின்ட் போட்டு ஊருக்குக் கொண்டு போய் பெரியம்மாவுக்கு வாசிச்சேன். எனக்கு ராகம் வராது, நியூஸ் மாதிரிதான் வாசிச்சேன். ரெண்டாவது பக்கத்துலயே பெரியம்மா கண்ணை மூடிக்கிட்டு ராகம் போட ஆரம்பிச்சுட்டாங்க. "மூணாவது ஃபைல் வரல பெரியம்மா"ன்னேன். "அதுல புள்ளத்தாச்சிப் பாட்டு இருந்திருக்கும்"னு சொல்லி ஞாபகத்துல இருந்து ஒரு நாலஞ்சு வரி பாடினாங்க. அதுக்கு மேல வரல. "அவரு இருந்திருந்தா சொல்லுவாரு"ன்னாங்க. அந்த நாலஞ்சு வரியைப் போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன். மிச்சம் போனது போனதுதான். எந்தப் புரோகிராமாலும் கொண்டு வர முடியாது.

ஓலைச்சுவடி காலத்துலயும் இதே கதைதானே. பூச்சி அரிக்கும், யாராவது உட்கார்ந்து படி எடுத்துக்கிட்டே இருக்கணும். உ.வே.சா. 1887ல சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டு வராம இருந்திருந்தா நமக்கு எத்தனை பேருக்கு அது தெரிஞ்சிருக்கும்? ஓலைக்காவது ஒரு நல்ல குணம் உண்டு. கண்ணும் வெளிச்சமும் இருந்தா படிக்கலாம், டிரைவ் வேண்டாம். நம்ம சாமான்கள் அப்படி இல்லை. ஜியோசிட்டீஸ் 2009ல மூடினாங்க, ஆர்குட் 2014ல, கூகுள் பிளஸ் 2019ல. கூகுள் போட்டோஸ்ல அளவில்லாம இலவசம்னாங்க, 2021 ஜூனோட அதுவும் முடிஞ்சது. அவங்களைக் குத்தம் சொல்லல. கடை அவங்களுது, ஷட்டரும் அவங்களுது. பொருள்தான் நம்மளுது.

அதனால என் பாலிசி இதுதான். எழுத்தா, யூனிகோட்ல வெறும் டெக்ஸ்ட் ஃபைல். அலங்காரம் பண்ண ஆயிரம் ஆப் இருக்கட்டும், மூலப் பிரதி டெக்ஸ்ட்தான். ஒரு நோட்ஸ் ஆப் எவ்வளவு அழகா இருந்தாலும் "எல்லாத்தையும் வெளியே எடு"ன்னு ஒரு பட்டன் இல்லைன்னா நமக்கு ஒத்துவராது. போட்டோவா, ஜேபெக். மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனத்துல, ஒண்ணு வேற ஊர்ல. வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்றப்ப, எல்லாம் திறக்குதான்னு பார்த்துடணும். ரொம்ப முக்கியமானதா இருந்தா காகிதத்துல ஒரு பிரின்ட். மெகாபிக்சலுக்கு ஆயிரக்கணக்குல குடுக்குறோம், இதுக்கு ஒரு ரீம் பேப்பர் செலவு.

உங்க வீட்டு பீரோவுலயும் ஒரு சிடியோ, ஃபிளாப்பியோ, நோக்கியா போன் மெமரி கார்டோ கிடக்கும். அப்பா கணக்கு எழுதினது, தாத்தா கவிதைன்னு ஏதாவது தட்டி வச்சது. இந்த வாரமே எடுத்துப் பாருங்க. திறந்தா வெறும் கிறுக்கலா இருக்கேன்னு குப்பையில மட்டும் போட்டுடாதீங்க. எந்த எழுத்து அதிகமா வருதுன்னு முதல்ல எண்ணுங்க. அனேகமா அதுதான் புள்ளி. அங்க இருந்து ஆரம்பிச்சுடலாம்.

டிஸ்கி: மேல சொன்ன டிஸ்கி குறியீட்டுக்கும் இந்த டிஸ்கிக்கும் சம்பந்தம் இல்லை. தன்னோட ஃபைலைத் திறந்து குடுன்னு ஏற்கனவே எங்க சொந்தத்துல நாலு பேர் கேட்டுட்டாங்க. அஞ்சாவது ஆளா வர்றவங்க வரும்போது அருப்புக்கோட்டை காராச்சேவு வாங்கிட்டு வரவும் ;-)