இருபுறமும் தெரியும் ஏடு

பழைய படங்களும் பத்திரங்களும் பிறவிடங்களில் நினைவின் பொருட்டுப் பேணப்படுவன. மலையகத் தோட்டங்களிலோ அவை வாழ்வுரிமையின் பொருட்டுப் பேணப்பட்டன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டிற் கொண்டுவரப்பட்ட இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன்னர், மணமானவராயின் 7 ஆண்டுகளும் மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன; உரிமை பெற்றோர் ஏறக்குறைய 134,000 பேரே. செக்றோலிற் பெயர் உண்டா, பிறப்புப் பதியப்பட்டதா என்ற வினாக்களுக்கு விடை கூறவல்லது காகிதம் ஒன்றே என்பதைத் தோட்டத்து மக்கள் அந்நாளிற் கற்றுக்கொண்டனர்.

பத்தடிக்குப் பன்னீரடி அளவினதான லயக் காம்பராவிற் கட்டிலுக்கு அடியிலிருக்கும் தகரப் பெட்டி இக்கல்வியின் விளைவேயாகும். அட்டனை அடுத்த தோட்டமொன்றிற் பிறந்து பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவி ஒருத்தி, விடுமுறை நாளொன்றில் அத்தகைய பெட்டியைத் திறந்தாள். அவளுடைய அம்மாயியின் பெட்டி அது. உள்ளே பிறப்புப் பத்திரங்களும், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் பற்றிய கடிதமும், ஆறு புகைப்படங்களும் இருந்தன. மலைநாட்டு ஈரமும் அடுப்புப் புகையும் அவற்றின் ஓரங்களைப் பழுப்பாக்கியிருந்தன. அவற்றை ஓர் ஏடாக்கிக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு அப்பொழுதே தோன்றியது.

ஏடு அமைக்கும் வழிகள் பல. ஆயினும் எளியவை யாவும் ஏற்றவை அல்ல. பசையிட்டு ஒட்டினாற் படத்தின் பின்புறம் மறைந்துவிடும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பரவலாக விற்பனையான ஒட்டுந் தாள் அல்பங்களின் பசை, நாளடைவில் மஞ்சளாகிப் படத்தையும் கறைப்படுத்துவது. பீ.வீ.சீ. உறைகள் காலப்போக்கில் அமில ஆவியை வெளியிட்டுப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெப்பத்தால் ஒட்டும் லெமினேற்றிங் முறையோ, ஒருமுறை செய்தபின் மீட்க இயலாதது. இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னரே அவள் அக்ரிலிக் தகட்டைத் தெரிந்தெடுத்தாள். 1930களிற் சந்தைக்கு வந்து, இரண்டாம் உலகப் போரில் விமானச் சாளரங்களுக்குப் பயன்பட்ட இப்பொருள், கண்ணாடியின் தெளிவும் அதன் பாதியளவினும் குறைந்த நிறையும் உடையது.

பெயர்ப்பலகை செய்யும் கடையொன்றில் 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடு கிடைத்தது. முப்பது சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டினால் ஒரு பக்கமே 200 கிராமுக்கு மேல் நிறுக்கும். பன்னிரண்டு பக்கங்கள் இரண்டரைக் கிலோவாகிவிடும். மடியில் வைத்துப் பார்க்க வேண்டிய ஏட்டுக்கு அது மிகை. ஆகவே அவள் 20 சென்ரிமீற்றருக்கு 25 என்ற அளவைக் கொண்டாள். அவ்வளவிற் பக்கமொன்று சுமார் 120 கிராம்.

அக்ரிலிக்கை வாளால் அறுப்பதினும் கீறி முறிப்பதே முதன்முறை செய்வோர்க்கு எளிது. பாதுகாப்புத் தாளை உரிக்காமலே உருக்கு அடிகோலை வைத்து, கூரிய கத்தியால் ஒரே கோட்டிற் பலமுறை கீறி, மேசை விளிம்பிற் பொருத்தி ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். கீறல் ஆழமில்லாதபோது முறிவு கோணலாகும். அவளது முதலாவது தகடு அவ்வாறே கோணியது. துளையிடும்போது அடியிற் பலகை வைத்து மெதுவாகத் துளைக்க வேண்டும். விரைந்தால் விளிம்பு வெடிக்கும். ஓரங்களை மண்கடதாசியால் தேய்த்து, ஈரமான பருத்தித் துணியால் துடைத்தாள். உலர்ந்த துணியால் தேய்த்தால் தகடு மின்னேற்றம் பெற்றுத் தூசியை இழுக்கும். ஸ்பிரிற் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும்.

படங்களைப் பொருத்துவதிலேதான் அவளுக்கு நெடிய சிந்தனை தேவைப்பட்டது. படத்தின் முகத்தைத் தகட்டோடு அழுத்தினால், ஈரக் காலத்தில் மேற்பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே முகம் வெளியே காற்றுப்படவும், முதுகு தகட்டிற் படியவும், நான்கு காகித மூலைகளுள் படத்தைச் செருகினாள். மூலைகளுக்கன்றிப் படத்துக்குப் பசை இல்லை. அடுத்த பக்கம் முகத்தில் உராயாதிருக்க, ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் மெல்லிய அக்ரிலிக் பட்டைகளை வைத்து, வளையங்களாற் கோத்தாள். ஒளி படாதிருக்கத் தடித்த துணிப்பையும் தைக்கப்பட்டது.

இவ்வமைப்பின் பயன் ஏட்டைப் புரட்டியபோதே புலனாயிற்று. ஒரு படத்தில், அட்டன் ஸ்ரூடியோவின் திரைக்கு முன்னே கணவனும் மனைவியும் இரு குழந்தைகளும் நிற்கின்றனர். அம்மாயியின் அக்காள் குடும்பம் அது. 1964 ஒக்டோபர் 30ஆந் தேதிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்குமென்றும் 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குமென்றும் வகுத்தது. ஒரே காம்பராவில் வளர்ந்த சகோதரிகளை அக்கணக்கு இரு நாட்டினராக்கியது. அக்காள் 1974இல் தலைமன்னாரிற் கப்பலேறினாள். முன்புறம் இவற்றுள் எதனையும் கூறவில்லை. தகட்டின் மறுபுறத்திற் பென்சிலால் எழுதிய நால்வர் பெயரும், புறப்பட்ட ஆண்டும், கோத்தகிரி முகவரியும் தெளிவாகத் தெரிந்தன. ஒட்டப்பட்டிருந்தால் அக்குடும்பம் எங்கே சென்றது என்பது அப்பசையோடு மறைந்திருக்கும். நிராகரிப்புக் கடிதத்தின் பின்புறத்திலும், கொள்ளுப்பாட்டன் யாரையோ கொண்டு எழுதுவித்த செலவுக் கணக்கு ஒன்று இருந்தது: கண்டிக்குச் சென்ற பஸ் கூலி, மனு எழுதியவருக்குக் கொடுத்தது, ஒருநாட் சம்பள இழப்பு. சட்டத்தின் முன்புறத்தை வரலாற்று நூல்கள் கூறும். அதன் பின்புறம் இத்தகைய கணக்குகளிலேயே உள்ளது.

கம்பளைக்கு அண்மையிலுள்ள பழைய பீகொக் தோட்டத்தின் லயத்தில் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை திறக்கப்பட்டது. அது போற்றத்தக்க முயற்சி. எனினும் ஒவ்வொரு தகரப் பெட்டியும் நூதனசாலையைச் சென்றடைதல் இயலாது. பெட்டிக்குரியவர் உயிரோடிருக்கையிலேயே, யாருடைய படம், எவ்வாண்டு, எத்தோட்டம் என்று கேட்டு எழுதிவைத்தல் அவ்வக் குடும்பத்து இளைஞர் கடனாகும். மாணவி ஏட்டில் ஒரு தகட்டை வெறுமையாக விட்டிருந்தாள். படமே எடுக்காமற் கப்பலேறிய மாமன் ஒருவரின் பெயரை மட்டும், அம்மாயி சொன்னவாறு, சிறு தாளில் எழுதி அதிற் செருகினாள்.

ஏட்டைக் கையிலெடுத்த அம்மாயி அழகைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. “ஆபிசுல கேட்டா இத வெளிய எடுக்க ஏலுமா புள்ள?” என்பதே அவள் கேட்ட முதற் கேள்வி. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் நிறைவேறியது. ஆயினும் பத்திரம் கேட்கப்படும் என்ற அச்சத்தைச் சட்டம் நீக்கிவிடவில்லை. மாணவி விடை சொல்லாமல், மூலைகளிலிருந்து பிறப்புப் பத்திரத்தை உருவிக் கொடுத்தாள். முதியவள் அதனை இருபுறமும் திருப்பிப் பார்த்து, தன் கையாலேயே மீண்டும் செருகினாள்.