திரும்பும் இடம்

கொழும்பிலிருந்து கிராமப்புறம் நோக்கி ஒரு சைக்கிள் பாதை வரையும்போது, திரும்பக்கூடிய இடங்களைத்தான் முதலில் குறித்துக்கொள்வேன். போய்ச் சேரும் இடம் பிறகு அமையும். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் விடுமுறைக் காலைகளில் புறப்படும் எங்கள் கூட்டத்தில் பாடசாலைப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள், நூறு கிலோமீற்றர் ஓடியும் களைக்காத இளைஞர்களும் இருக்கிறார்கள். இவர்களை ஒரே வீதியில் கூட்டிப்போய், எல்லோரும் நிறைவோடு வீடு திரும்பச் செய்வதுதான் என் வேலை.

நன்றாக ஓடுபவர், ஓடாதவர் என்று ஆட்களை இரண்டாகப் பிரித்துவிட முடியாது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையால் எரிபொருள் இல்லாத யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த ஓர் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை முன் பாரிலும் அரிசி மூட்டையைக் கரியரிலும் வைத்து ஓடியவர். சைக்கிள் அவர் சொன்னபடி கேட்கும். ஆனால் காலி வீதியில் பஸ் உரசுவதுபோல் வந்தால் உடல் விறைத்துவிடும். 2022 எரிபொருள் நெருக்கடியில் சைக்கிள் வாங்கி வேலைக்குப் போகத் தொடங்கிய தம்பிக்கு வாகன நெரிசல் பழகிவிட்டது; மூன்று மணிநேரம் சீற்றில் இருந்தால் முதுகு விட்டுப்போகும். ஜிம்முக்குப் போகும் பையனுக்குக் காலில் பலம் உண்டு. வெயிலில் எப்போது தண்ணீர் குடிக்கவேண்டும் என்று தெரியாது. ஆகவே புதிதாக ஒருவர் வந்தால், எவ்வளவு தூரம் ஓடுவீர்கள் என்று கேட்பதற்குமுன் எதில் பயம் என்று கேட்பேன்.

நகரைச் சுற்றி மலை இல்லை. இங்கே ஆளைச் சோதிப்பவை வெயில், பஸ், வலப்பக்கத் திருப்பம். இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுவதால், சுற்றுப்பாதையை இடஞ்சுழியாக அமைத்தால் திருப்பங்கள் பெரும்பாலும் இடப்பக்கமாகவே வரும். எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கறுக்கத் தேவையில்லை. புதியவர்களுக்கான சுற்றுகளை அப்படித்தான் வரைகிறேன். கிழக்கே போகும் பகுதியைச் சூரியன் ஏறுமுன் முடித்துவிடவேண்டும். தாழ்ந்த வெயிலில் எங்கள் கண் கூசும். அதைவிட ஆபத்து, பின்னால் வரும் சாரதியின் கண்ணும் கூசும். விளக்கைப் போட்டுக்கொண்டு ஐந்தரைக்கே புறப்படுவது அதனால்தான். களனிவெளி ரயில் பாதை வீதியைச் சாய்வாக வெட்டும் கடவைகளில், சக்கரத்தைத் தண்டவாளத்துக்குக் குறுக்காகத் திருப்பிக் கடக்கவேண்டும். ஈரமென்றால் இறங்கி உருட்டுவதே சரி.

வெள்ளவத்தைக்காரருக்கு நான் சொல்லும் முதற்பாதை தலங்கம. டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையால் பாமன்கடை, நுகேகொடை, கோட்டே ஊடாகப் போனால் தியவன்னா ஓயா வரும். ஜெஃப்ரி பாவா வடிவமைத்து, 1982இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றம் நீர்நடுவே நிற்கும். அது முதல் திரும்பும் இடம். இங்கே திரும்புகிறவர் பாதியில் விட்டவர் அல்லர். விடிகாலை நீர்ப்பரப்பைப் பார்த்து, தேத்தண்ணி குடித்து, ஒரு முழுப் பயணத்தை முடித்தவர். மற்றவர்கள் பத்தரமுல்லையைத் தாண்டி வயல்களுக்கிடையே தலங்கமக் குளத்துக்குப் போவார்கள். 2018இல் ராம்சார் ஈரநில நகரமென்று உலகில் முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அதன் பொருள் இந்தக் குளக்கட்டில், நீலத்தாழைக்கோழியையும் செந்நாரையையும் பார்க்கும்போதுதான் விளங்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்படுபவர்களுக்கு வழி வடக்கே. முகத்துவாரம், மட்டக்குளி கழிந்து களனி கங்கையைக் கடந்தால் ஹெந்தளை. அங்கிருந்து நீர்கொழும்பு நோக்கி ஹமில்ட்டன் கால்வாய். முத்துராஜவெல சதுப்பிலிருந்து உவர்நீரை வடிப்பதற்காகப் பிரித்தானியர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த கால்வாய் இது. ஏற்றமே இல்லை, வள்ளங்களும் தென்னைகளும் தேவாலயங்களும் கூடவே வரும். கத்தோலிக்கக் கிராமங்கள் என்பதால் ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் வீதி நிறைந்துவிடும். சனிக்கிழமையோ போயா நாளோ நல்லது. பிள்ளைகளோடு வருபவர்கள் பமுணுகமவில் திரும்பலாம். நீர்கொழும்புவரை போகிறவர்கள் மீளும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும், கடற்காற்றும் எழுந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் தட்டையான வீதியும் ஏற்றமாகும்.

காலைச் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு லபுகம. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கொழும்புக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் அது. ஹைலெவல் வீதியால் ஹோமாகம, பிறகு பாதுக்கை, அதன்பின் இறப்பர்த் தோட்டங்களுக்கிடையே குட்டையான, செங்குத்தான ஏற்றங்கள். போய்வர நூறு கிலோமீற்றரை நெருங்கும். பாதுக்கையில் நின்று, ஒவ்வொருவரும் தண்ணீரையும் உடம்பையும் பார்த்து முடிவெடுக்கவேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை இதற்கேற்ற காலம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழைக்கு முன் வீடு வந்துவிடவேண்டும்.

இன்னொரு பயம் இருக்கிறது. கியரை மாற்றி அதைக் கடக்க முடியாது. சோதனைச் சாவடிகளுக்கும் பொலிஸ் பதிவுகளுக்கும் நடுவே இந்த நகரில் வளர்ந்த தமிழர் பலர், இந்தக் கிராமங்களைப் பஸ் ஜன்னலால் மட்டுமே பார்த்தவர்கள். முன்பின் தெரியாத சந்தியில் இறங்கி நிற்கவே தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்கும் பாதையில் இடம் வைக்கிறேன். எனக்குப் பழக்கமான தேத்தண்ணிக் கடையில்தான் முதல் நிறுத்தம். கடைக்காரர் சிங்களத்தில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார். ஓடி வந்த தூரத்தைச் சொன்னதும் வியந்து, இன்னொரு வாழைப்பழத்தை நீட்டுவார். அடுத்த முறை, தயங்கி நின்றவரே முன்னால் போய்ச் சைக்கிளைச் சாத்திவிட்டு, எல்லோருக்கும் தேத்தண்ணி சொல்லுவார்.

ஒரு பாதை நல்லதா என்று அறிய எனக்குள்ள அளவுகோல் ஒன்றுதான்: இடையில் திரும்பியவர் அடுத்த முறை தானாக வந்தாரா? வந்தால் அவருடைய திரும்பும் இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். வராவிட்டால் திருத்தவேண்டியது பாதையை. உங்கள் வாசலிலிருந்தும் ஒன்றை வரைந்துபாருங்கள். கூட வரப்போகிறவர்களில் மிகவும் தயங்குகிறவரை நினைத்து, அவர் ஓடப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில், அவருடைய வேகத்தில் தனியாக ஒருமுறை ஓடுங்கள். நிழல், தண்ணீர், கழிப்பறை, நிற்கத் தகுந்த கடை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, பிறகு அவரை அழையுங்கள்.