ஆள் மாறும், அடி மாறாது!

எங்கள் ஊர்ப் பறைக்குழுவில் எட்டுப் பேர் உண்டு. ஆனால், எந்த எட்டுப் பேர் என்று யாராலும் சொல்ல முடியாது! தை பிறந்ததும் இருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவர். புதிதாக இருவர் வந்து சேர்வர். விலகுகிறவர் இன்னொருவருக்கு அடி சொல்லிக் கொடுத்துவிட்டே விலக வேண்டும். இதுவே எங்கள் சட்டம்!

எனக்கும் அப்படித்தான் கிடைத்தன, வலக்கைக்குத் தடித்த அடிக்குச்சியும் இடக்கைக்கு மெல்லிய சிம்புக்குச்சியும். ஆட்டத்திற்கு முன் வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சுவோம். ஈரம் போய்த் தோல் இறுகும். ஒலி கணீரென்று எழும். இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும் என்று இயற்பியல் வகுப்பில் படித்தபோது, "இது எங்கள் அண்ணன்மார் அறிந்ததாயிற்றே!" என்று பூரித்தேன்.

தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தது. ஆயினும், 'சாவு மேளம்' என்று இகழ்வாரும் உளர். அந்த இகழ்ச்சியைக் கேட்டே வாழ்ந்த என் தாய், "காலேஜுல படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்குய்யா?" என்கிறார்.

இப்போது ஒன்பதாம் வகுப்புச் சிறுவர் இருவருக்கு மாலைதோறும் அடி சொல்லித் தருகிறேன். பட்டம் பெற்று நாளை நானும் வேலைக்குப் போகலாம். ஆனால், படித்தவன் பறையைக் கீழே வைத்தான் என்ற சொல் எங்கள் ஊரில் பிறக்கக் கூடாது!