ரவைக்கு ஒரு வழி, குண்டுக்கு ஒரு வழி

"நாட் பார் பால்!" இங்கிலாந்தில் 1875 முதல் 1887 வரை, நுனி குறுகிய துப்பாக்கிக் குழல்களைச் சோதித்துப் பார்த்தபின் இந்த மூன்று வார்த்தைகளையும் அவற்றில் பொறித்தார்கள். இதை நான் படித்துச் சொன்னதும், "துப்பாக்கியில் யார் பால் காய்ச்சப் போகிறார்கள்?" என்று கேட்டாள் என் மனைவி. இந்தப் 'பால்' உருண்டைக் குண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். 'இந்தக் குழலில் குண்டு போட்டுச் சுடாதே' என்பது எச்சரிக்கை.

ரவை போடலாம், குண்டு போடக்கூடாது என்றால் வேடிக்கையாக இல்லையா? எனக்கு இதை விளங்க வைத்தவர் என் பெரியப்பா. அவரிடம் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. லைசென்ஸ் உண்டு, பயப்படாதீர்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டையெல்லாம் பழங்கதை. தேர்தல் சமயத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்புவதுதான் இப்போது அதன் ஒரே பிரயாணம்.

ஒரு நாள் பெரியப்பாவின் மகன், "ஸ்லக் தோட்டா ஒரு பெட்டி வாங்கி வைப்போமே, அப்பா! துப்பாக்கியும் 12 போர், தோட்டாவும் 12 போர்" என்றான்.

"உள்ளே போவது பெரிதில்லையடா, வெளியே வருவதல்லவா பெரிது!" என்றார் பெரியப்பா.

'போர்' என்றதும் யுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அது குழலின் உள் அகலம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் பருமன் எவ்வளவோ அதுவே 12 போர், சுமார் 18.5 மில்லிமீட்டர். குழலின் நுனியைச் சிறிது குறுக்கினால் அதற்குச் 'சோக்' என்று பெயர். 'புல் சோக்' எனப்படும் மிகுந்த குறுக்கமே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அது செய்யும் ஜாலத்தைப் பாருங்கள்! 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள், குறுக்காத குழலிலிருந்து நூற்றுக்குச் சுமார் 40 ரவைகள் விழும். புல் சோக்கிலிருந்து சுமார் 70 விழும்.

திருவிழாக் கூட்டம் குறுகிய சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போய்விடும். தேர் போகுமா? ரவைகள் கூட்டம், குண்டு தேர்.

ஸ்லக் என்பது இந்தத் தேரைச் சந்துக்கேற்பச் செய்யும் முயற்சி. ஜெர்மனியில் பிரென்னெக்கே 1898-லும், அமெரிக்காவில் பாஸ்டர் 1931-லும் தத்தம் ஸ்லக்குகளை உருவாக்கினார்கள். அவற்றின் பக்கங்களில் சாய்ந்த வரிகள் இருக்கும். அவை குண்டைப் பம்பரமாகச் சுழற்றும் என்று பலர் நம்புகிறார்கள். சுழற்சி அற்பம், குறுகலில் நசுங்கி வழிவிடுவதே அவற்றின் முக்கிய வேலை. முன்பக்கம் கனமாக இருப்பதால், இறகுப் பந்தைப் போல ஸ்லக் நேராகப் பறக்கிறது.

மெல்லிய ஈய ஸ்லக் புல் சோக்கிலும் நசுங்கி வெளியேறிவிடக்கூடும். ஆனால் குறி கெடலாம். கெட்டியான முழு அளவுக் குண்டாக இருந்தால் குழல் நுனி வீங்கலாம், பிளந்துகொள்ளவும் செய்யலாம். குறுக்கமே இல்லாத குழலோ, மிகக் குறைந்த குறுக்கம் உள்ள குழலோதான் ஸ்லக்குக்கு உகந்தது.

இரண்டுக்கும் ஒரே குழல் வேண்டும் என்று முயன்றவரும் உண்டு. இந்தியாவில் ராணுவ அதிகாரியாக இருந்த பாஸ்பரி, குழலின் நுனியில் சில அங்குலத்துக்கு மட்டும் புரி வெட்டும் முறைக்கு 1885-ல் காப்புரிமை பெற்றார். ஹாலண்டு அண்டு ஹாலண்டு கம்பெனி அதை 'பாரடாக்ஸ்', அதாவது முரண்பாடு, என்ற பெயரில் விற்றது. பறவைக்கு ரவை, புலிக்குக் குண்டு என்று ஒரே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிந்த துரைமார் அந்நாளில் உண்டு.

பெரியப்பாவின் துப்பாக்கியில் வலக்குழல் விரிந்தது. இடக்குழல் புல் சோக். விசைகளும் இரண்டு. பதற்றத்தில் விரல் எந்த விசையை இழுக்கும் என்று யார் கண்டது? அதனால்தான் அவர் அந்தப் பெட்டியே வேண்டாம் என்றார்.

பரம்பரைத் துப்பாக்கி வைத்திருக்கும் நேயர்கள், விஷயம் தெரிந்த ஆயுதக் கடைக்காரரிடம் இரண்டு குழல்களின் நுனியையும் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் ஒரு வரி விடாமல் படியுங்கள். ஒரு மில்லிமீட்டர்தானே என்று அலட்சியம் வேண்டாம். குழலைத் தாங்கிப் பிடித்திருப்பது உங்கள் கை அல்லவா?